ஐப்பசி முதல் மார்கழி வரை: அடுப்பில் என்ன, டம்ளரில் என்ன, எங்கே போகலாம்?

கேள்வி: குரோம்பேட்டையில் ஒரு ஃபிளாட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். மகளுக்குப் பன்னிரண்டு வயது, மகனுக்கு எட்டு. மாமியாருக்குச் சர்க்கரை உண்டு. அக்டோபர் வந்தால் போதும், மகள் போனில் வெளிநாட்டு இலையுதிர்கால வீடியோக்களைப் பார்த்துவிட்டு பம்ப்கின் ஸ்பைஸ் லாட்டே வேண்டும், பிக்னிக் போக வேண்டும் என்று ஆரம்பித்துவிடுகிறாள். நமக்கோ மூன்று மாதமும் மழை. இட்லி மாவு பொங்குவதில்லை, வாங்கி வைத்ததெல்லாம் நமத்துப் போகிறது, பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார்கள். இந்த மாதங்களைச் சந்தோஷமாகக் கழிக்க வழி சொல்லுங்களேன்.

பதில்: முதலில் ஒரு நல்ல சேதி. மூன்று மாதமும் மழை என்று நமக்குத் தோன்றினாலும் மூன்று மாதமும் பெய்வதில்லை. சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 140 செ.மீ. மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கொட்டுகிறது. ஆனால் வடகிழக்குப் பருவமழை விட்டு விட்டு வரும். கடலில் ஒரு தாழ்வு நிலை உருவானால் சில நாள் அடித்து ஊற்றும். அது நகர்ந்ததும் வானம் துடைத்து வைத்ததுபோல் இருக்கும். அந்த வெயில் நாட்களை வருஷம் முழுக்கத் தேடினாலும் சென்னையில் பார்க்க முடியாது. புழுதி அடங்கியிருக்கும், ஏரி நிரம்பியிருக்கும், பகல் பன்னிரண்டு மணிக்குக்கூட நடக்கலாம். ஆகவே சனிக்கிழமை பிக்னிக் என்று நாள் குறிக்காதீர்கள். மழை நாளுக்கு வேண்டியது சமையலறையில் இருக்கட்டும், மழை விட்ட நாளுக்கு வேண்டியது ஒரு பையில் இருக்கட்டும். எது வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

மகளின் லாட்டேயிலிருந்தே தொடங்குவோம். பம்ப்கின் ஸ்பைஸ் என்பது பட்டை, சுக்கு, கிராம்பு, ஜாதிக்காய் சேர்ந்த பொடி. ஸ்டார்பக்ஸ் 2003-இல் இந்தக் காபியை அறிமுகப்படுத்தியபோது அதில் பூசணிக்காயே கிடையாது, பிற்பாடுதான் சேர்த்தார்கள். நம் வீட்டில் பரங்கிக்காயைத் தாராளமாகவே போடலாம். நன்றாகப் பழுத்த பரங்கியில் ஒரு கீற்றை இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்து மசித்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் பாலுக்கு அந்த விழுதில் இரண்டு டேபிள்ஸ்பூன், பட்டைப் பொடி கால் டீஸ்பூன், சுக்குப் பொடி ஒரு சிட்டிகை, ஒரு கிராம்பு தட்டியது, ஜாதிக்காய் நான்கைந்து தேய்ப்பு. கொதித்ததும் வடிகட்டி, பெரியவர்களுக்குக் கெட்டி டிகாக்ஷன் விடுங்கள். பிள்ளைகளுக்கு டிகாக்ஷன் வேண்டாம், பரங்கிப் பால் போதும். நாட்டுச் சர்க்கரை போடுவதானால் அடுப்பை அணைத்து இரண்டு நிமிஷம் கழித்துப் போடுங்கள். கொதிக்கும் பாலில் வெல்ல வகை எதைப் போட்டாலும் திரிந்துபோக வாய்ப்பு உண்டு. ஜாதிக்காயில் கை தாராளம் வேண்டாம், கசக்கும்.

ஆனால் இந்தப் பருவத்தின் பானம் எது என்று என்னைக் கேட்டால் சுக்குமல்லிக் காபி என்றுதான் சொல்வேன். ராத்திரியில் சைக்கிளில் பெரிய கேனைக் கட்டிக்கொண்டு விற்று வருபவரிடம் குடித்திருப்பீர்கள். வீட்டில் பொடி செய்துவைத்தால் மழை மாதங்கள் முழுக்கக் கைகொடுக்கும். அரை கப் மல்லி விதையை வெறும் வாணலியில் வாசனை எழும்வரை வறுங்கள். நிறம் கறுக்கக் கூடாது. சுமார் 30 கிராம் சுக்கை அம்மிக் குழவியிலோ இடிகல்லிலோ தட்டிச் சில்லு சில்லாக்கிய பிறகே மிக்ஸியில் போடுங்கள், முழுசாகப் போட்டால் பிளேடு போய்விடும். ஒரு டேபிள்ஸ்பூன் மிளகு, ஒரு டீஸ்பூன் சீரகம், நான்கு ஏலக்காய் சேர்த்து, ரொம்ப நைஸாக வேண்டாம், ரவைப் பதத்தில் நிறுத்துங்கள். ஒன்றேகால் டம்ளர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் பொடி. கொதித்து ஒரு டம்ளராகச் சுண்டினால் பதம் சரி. ஜன்னலில் துளசி இருந்தால் நான்கு இலை கிள்ளிப் போடுங்கள்.

இனிப்புக்குக் கருப்பட்டி. அதைத் தனியாகக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து வடிகட்டிவிட்டு ஊற்றுங்கள். மண்ணும் சுண்ணாம்பும் அடியில் தங்கும். பதநீர் புளிக்காமல் இருக்கப் பானையில் சுண்ணாம்பு தடவுவார்கள், அதன் மிச்சம் அது. இங்கே உங்கள் மாமியாருக்காக ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கருப்பட்டி சர்க்கரை நோய்க்குக் கெடுதல் இல்லை என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். அது சரியல்ல. கருப்பட்டி, பனங்கற்கண்டு, வெல்லம், நாட்டுச் சர்க்கரை எல்லாமே ரத்தச் சர்க்கரையை ஏற்றும். அவர் டம்ளரைத் தனியாக ஆற்றிக் கொடுங்கள், இனிப்பே இல்லாமல். மல்லியும் மிளகும் போதுமான ருசி தரும். அதுவும் பிடிக்காவிட்டால் தெளிவான மிளகு ரசத்தை டம்ளரில் கொடுங்கள். மழை நாளில் மாலை ஐந்து மணிக்கு அதைவிட இதமானது கிடையாது. குடிநீர் விஷயத்தில் மட்டும் இந்த மாதங்களில் யாரையும் நம்ப வேண்டாம். கேனோ, குழாயோ, தளதளவென்று கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர்தான்.

அடுத்து இட்லி மாவு. மாவைப் பொங்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு 30 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். மே மாதத்தில் ஏழெட்டு மணி நேரத்தில் பொங்கி வழியும் மாவு, மழை பிடித்துக்கொண்ட இரவில் பன்னிரண்டு மணி நேரம்கூட எடுக்கும். சோடா போட்டுச் சரிக்கட்டாதீர்கள், நேரத்தைக் கொடுங்கள். ஏழு மணிக்கு அரைக்கும் பழக்கம் இருந்தால் நான்கு மணிக்கே அரையுங்கள். அரிசியோடு ஒரு டீஸ்பூன் வெந்தயம் ஊறட்டும். ஃப்ரிட்ஜ் தண்ணீர் விட்டு அரைக்க வேண்டாம். உப்புப் போட்டுக் கையால் நன்றாகக் கலந்து, மாவுப் பாத்திரத்தை வெந்நீர் உள்ள அகலமான தாம்பாளத்தில் வைத்து மூடி, மேலே ஒரு துண்டைப் போட்டுவிடுங்கள். மைக்ரோவேவ் இருந்தால் அதை ஓடவிடாமல், வெறும் பெட்டியாக உள்ளே மாவை வைத்துக் கதவைச் சாத்தினாலும் போதும். காற்றுப் படாமல் இருப்பதுதான் முக்கியம்.

பஜ்ஜி பற்றிச் சொல்லாமல் மழைக்காலச் சமையலை முடிக்க முடியுமா? கடைகளில் கிடைக்காத ஒன்றை உங்கள் பிள்ளைகளுக்குச் செய்து கொடுங்கள்: ஓமவல்லி இலை பஜ்ஜி. கற்பூரவள்ளி என்றும் சொல்வோமே, அதுதான். ஒரு குச்சியை ஒடித்துத் தொட்டியில் நட்டால் பால்கனியிலேயே காடாக வளரும். இலையைப் பறிப்பது மகன் வேலையாக இருக்கட்டும். கழுவி ஒவ்வொரு இலையையும் துணியால் ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் மாவு பிடிக்காது, எண்ணெயும் தெறிக்கும். ஒரு கப் கடலை மாவுக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் அரிசி மாவு, மிளகாய்த் தூள், பெருங்காயம், உப்பு, ஒரு கரண்டி சூடான எண்ணெய். தோய்த்து எடுத்தால் இலையின் நரம்பு லேசாகத் தெரிய வேண்டும், அவ்வளவு மெல்லிய பூச்சு. ஒரு சொட்டு மாவு விட்டால் உடனே மேலே வருகிற சூட்டில் பொரித்து, மூடிய டப்பாவில் போடாமல் கம்பித் தட்டில் பரத்துங்கள். டப்பாவுக்குள் தன் ஆவியிலேயே வெந்து தொளதொளத்துப் போகும். ஓமவல்லியின் காரமான வாசனை எண்ணெய்ப் பண்டத்தைத் திகட்டவிடாது. பஜ்ஜி பொதுவாகப் பிடிக்காத என்னைப் போன்றவர்களையும் இது இழுத்துவிடும்.

கார்த்திகை தீபத்துக்குப் பொரி உருண்டை பிடிக்கும்போது நமத்த பொரி பெரிய தொல்லை. வெறும் வாணலியில் சிறு தீயில் பொரியைச் சூடு காட்டிவிட்டு ஆரம்பியுங்கள், மொறுமொறுப்பு திரும்பிவிடும். நான்கு கப் பொரிக்கு முக்கால் கப் வெல்லம். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, அதை உருட்டித் தட்டில் போட்டால் டங் என்று சத்தம் கேட்க வேண்டும். அந்தச் சத்தத்துக்கு முன் இறக்கினால் உருண்டை உதிரும். ரவை, அப்பளம், காபிப் பொடி எதையும் மாதத்துக்குச் சேர்த்து வாங்க வேண்டாம். சிறு பாக்கெட்டாக வாங்கி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். அப்புறம், 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. வீட்டில் எப்போதும் ஒரு கிலோ அவல் இருக்கட்டும். மின்சாரமும் அடுப்பும் இல்லாத நாளிலும் அவலை நனைத்துத் தயிரோ வெல்லமோ சேர்த்துச் சாப்பிடலாம். மிக்ஸியில் அரைக்க வேண்டிய பொடிகளைப் புயல் அறிவிப்பு வந்த அன்றே அரைத்துவிடுங்கள்.

சரி, வெளியே போவோம். காலையில் எழுந்ததும் வானிலை மையத்தின் எச்சரிக்கையைப் பாருங்கள். செங்கல்பட்டு, சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களுக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு என்றால் அன்றைக்கு எங்கேயும் வேண்டாம். கடற்கரை ஊர்களில் இந்தப் பருவத்து மழை பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான் வலுக்கும். எட்டு மணிக்குத் தூறலைப் பார்த்து மனம் தளராமல் பத்து மணிவரை பொறுத்துப் பாருங்கள்.

உங்கள் வீட்டிலிருந்து மிகப் பக்கம் பள்ளிக்கரணை. பல்லாவரம் – துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் அரை மணிப் பயணம். 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம். மழைக்குப் பின் பறவைகள் கூடும். சில ஆண்டுகளில் பூநாரைகளையும் பார்க்கலாம். ஒரு மாலை வேளைக்கு இது போதும். பழவேற்காட்டுக்குப் போனால் ஏரியும் டச்சுக்காரர் கல்லறைகளும் ஒரே நாளில் ஆகிவிடும், ஆனால் உங்களுக்கு நகரத்தைக் குறுக்கே கடக்க வேண்டும்; லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் பிள்ளைகளை ஏற்றவும் கூடாது. அருவிகளுக்கு இந்த மாதங்களில் போகவே போகாதீர்கள். மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வடகிழக்குப் பருவத்தில் கடல் கொந்தளிப்பாக இருக்கும்.

உங்கள் குடும்பத்துக்கு நான் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது வேடந்தாங்கல். ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்துச் செங்கல்பட்டு தாண்டி, படாளம் கூட்டுரோட்டில் திரும்ப வேண்டும். சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். உங்களுக்கு அதைவிடக் குறைவு. ஆனால் அக்டோபரில் போய் ஏமாறாதீர்கள். பருவமழையில் ஏரி நிரம்பி, தண்ணீருக்குள் மரங்கள் நின்ற பிறகுதான் பறவைகள் கூடு கட்டும். நல்ல மழை பெய்த ஆண்டில் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை ஒவ்வொரு மரமும் நிறைந்திருக்கும். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் என ஐந்தை அடையாளம் காணச் சொல்லி மகளிடம் ஒரு நோட்டைக் கொடுங்கள். நத்தைகுத்தியின் அலகை மட்டும் பைனாகுலரில் உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள்: மூடிய பிறகும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும்.

இந்தப் பறவைகளை முதலில் காப்பாற்றியவர்கள் ஊர்க்காரர்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் தலைமுறைகளாக அறிந்திருந்தார்கள். துப்பாக்கியோடு வந்த வெள்ளைக்காரர்கள் மேல் புகார் கொடுத்து, 1798-இல் அன்றைய செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு உரிமையும் வாங்கினார்கள். பிள்ளைகளுக்குப் போகும் வழியிலேயே இதைச் சொல்லிவிடுங்கள். கரையில் சத்தம் போடாமல் இருப்பார்கள். மாலை நான்கு மணிக்கு மேல் இரை தேடப் போன பறவைகள் திரும்பும் நேரம்தான் சிறப்பு. மதியத்தில் மதுராந்தகம் ஏரியையும் ஏரி காத்த ராமர் கோயிலையும் பார்த்துவிட்டு வேடந்தாங்கலுக்கு வரலாம்.

கட்டுச்சோற்றுக்குப் புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், தயிர்சாதம். தயிர்சாதத்தைக் காலையில் குழைய மசித்து, பாலை நிறைய விட்டு, உறைக்கு ஊற்றுவதுபோல் இரண்டு டீஸ்பூன் தயிர் மட்டும் சேருங்கள். ஒரு மணிக்குச் சரியாக இருக்கும். தாளித்ததை ஆறவிட்டுக் கொட்டுங்கள். மாமியாருக்குப் புளியோதரையைக் குறைத்து, வேகவைத்த சுண்டல் ஒரு டப்பா. கூடவே ஒரு மாற்றுத் துணி, இரண்டு குடை, குப்பைக்கு ஒரு பை.

மார்கழி பிறந்ததும் மழை குறையத் தொடங்கும், சபாக்களில் கேண்டீன் திறந்துவிடும். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டின் தொடர்ச்சியாக 1928-இல் மியூசிக் அகாதமி பிறந்தது. டிசம்பர் கச்சேரிகளும் அப்படித்தான் வேர்விட்டன. பல சபாக்களில் கேண்டீனுக்குப் போகக் கச்சேரி டிக்கெட் தேவையில்லை. மதிய இலைச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு மணிக்குள் போய்விடுங்கள், பிறகு வரிசை நீளும். மாமியார் நிற்க வேண்டியிருக்கும் என்றால் மாலை மூன்றரை மணி டிபன் நேரம் வசதி. பிற்பகல் கச்சேரிகள் பலவற்றுக்கு அனுமதி இலவசம். குரோம்பேட்டையிலிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் மாம்பலத்தில் இறங்கினால் தி. நகர் சபாக்கள் ஆட்டோ தூரம்தான், காருக்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை.