பெர்த் - லண்டன்: தூரம் ஒன்றுதான், நேரம் மட்டும் ஏன் மாறுகிறது?

ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு எவ்வளவு தூரம், போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஏன் ஒன்றாக இல்லை என்று கேட்டிருந்தீர்கள்.

தூரம் சுமார் 14,500 கி.மீ. இது உருண்டையான பூமியின் மேல் அளந்த மிகக் குறுகிய பாதை. தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் இந்தக் கணக்கு வராது. 2018 மார்ச்சில் ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவான்டாஸ், போயிங் 787-9 விமானத்தில் எங்கும் நிற்காமல் இதைக் கடக்கத் தொடங்கியது.

லண்டனுக்குப் போக ஏறக்குறைய 17 மணி நேரத்துக்கு மேல் ஆகும். திரும்பி வருவது பொதுவாகக் கொஞ்சம் குறையும். காரணம் காற்றுதான். விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகமான காற்றோட்டம் ஓடுகிறது, சில சமயம் மணிக்கு 200 கி.மீ.க்கும் மேல். கிழக்கே வரும்போது அது பின்னாலிருந்து தள்ளிவிடும். மேற்கே போகும்போது முகத்தில் அடிக்கும். ஆற்றில் படகு விடுவது மாதிரி. காற்று தினமும் மாறுவதால் பாதையையும் அன்றன்றைக்குத்தான் முடிவு செய்வார்கள். அதனால் உண்மையில் பறக்கும் தூரம் கொஞ்சம் கூடவே இருக்கும்.

அப்புறம், டிக்கெட்டில் உள்ள நேரங்களை நேரடியாகக் கழித்துப் பார்க்காதீர்கள். இரண்டு ஊருக்கும் 7 அல்லது 8 மணி நேர வித்தியாசம் இருப்பதால், லண்டனுக்குப் போகும் 17 மணி நேரப் பயணம் கடிகாரத்தில் வெறும் 9, 10 மணி நேரமாகத் தெரியும். இடுப்புக்குத்தான் முழுக் கணக்கும் தெரியும்!