தலையணை உறைக்குள் பிஸ்கட் ஒளிக்கும் சிறுமி

தலையணை உறைக்குள் அவள் ஒளித்த பிஸ்கட்டுகளை எடுத்துவிடாதீர்கள், திட்டவும் வேண்டாம். வளர்ப்புப் பிள்ளையாக உங்கள் பராமரிப்புக்கு வந்து 3 வாரமே ஆன 9 வயதுச் சிறுமி, வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் உணவை ஒளித்து வைப்பது திருட்டே அல்ல.

பட்டினி கண்ட குழந்தைகளிடம் இதை அடிக்கடி பார்க்கலாம். வயிறு நிறைந்தாலும், அடுத்த வேளை கிடைக்குமா என்ற பயம் போவதில்லை. பறித்தால் அந்தப் பயம் இன்னும் வேரூன்றும்.

மூடியுள்ள டப்பா ஒன்றில் அவள் பெயரை அவளையே எழுதச் சொல்லிக் கட்டிலருகே வையுங்கள். கெட்டுப்போகாத தின்பண்டத்தை, தீரத் தீர, அவள் கண் முன்னாலேயே நிரப்புங்கள். கேட்காமலே எடுக்கலாம் என்று சொல்லுங்கள். இரவில் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டு, ஒன்றும் தின்னாமல் மூடக்கூடும். பார்த்தும் பாராதவர்போல் இருங்கள். ஒளிப்பது குறைய மாதங்கள்கூட ஆகலாம்.

வாந்தி வரும்வரை சாப்பிட்டாலோ, எடை குறைந்தாலோ டப்பா போதாது. மருத்துவரிடமும் அவளுக்குப் பொறுப்பான அலுவலரிடமும் உடனே சொல்லுங்கள்.