சத்தம் கேட்டதும் சில எலிகளுக்கு வலிப்பு வருவது ஏன்?

காதிலிருந்து மேலே போகும் ஒலிச் செய்திகள் கிட்டத்தட்ட எல்லாமே நடுமூளையில் உள்ள ஒரு ஜோடிச் சிறு மேடுகளில் வந்து சேரும். எங்கள் பாம்பன் கால்வாய் மாதிரி. பெரிய படகுகள் தூக்குப்பாலம் திறக்கும்வரை காத்திருந்து, வரிசையாகத்தான் கடக்கும். அந்தக் காவல் இல்லையென்றால் ஒரே முண்டியடிப்பு!

மேட்டில் காவல் காப்பது ‘காபா’ என்ற வேதிப்பொருள். சில எலி வகைகளில் இந்தத் தடுப்பு பிறவியிலேயே பலவீனம். 100 டெசிபலுக்கு மேல் மணி ஒலித்தால் முதலில் கண்மண் தெரியாமல் ஓடும், அப்புறம் வலிப்பு. ஆய்வில் இந்த மேடுகளைச் செயலிழக்கச் செய்தால் அந்த வலிப்பு நின்றுவிடுகிறது. எனக்கு இதுதான் வலுவான சான்று.

சரி, திருவிழா வெடிக்கு நாய் நடுங்குவதும் இதுதானா? இல்லை, அது பெரும்பாலும் வெறும் பயம்.