அடகுச்சீட்டும் பாவசங்கீர்த்தனமும்

அன்புள்ள ஐயா,

சேசுவுக்குப் புகழ். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்து எழுதுகிறேன். எனக்குக் குடிப்பழக்கம் உண்டு. சனிக்கிழமை ஆனால் பெண்ணையாற்றுப் பாலம் தாண்டிக் கன்னியக்கோவிலுக்குப் போய்விடுவேன், அங்கே விலை குறைவு. ஆனால் ஞாயிறு பூசை தவறுவதில்லை, மாதம் ஒருமுறை சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனமும் உண்டு. போன வருஷம் மனைவியின் செயினை அவளுக்குத் தெரியாமல் அடகு வைத்தேன். அதையும் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். விஷயம் தெரிந்ததிலிருந்து அவள் வீட்டு ஜெபத்தில் உட்காருவதில்லை. கடவுளே மன்னித்துவிட்டார், இவள் மன்னிக்க மாட்டேன் என்கிறாள். ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் மன்னிப்பு உண்டா? நான் பூசையில் நன்மை (திருவிருந்து அப்பம்) வாங்கலாமா? கானாவூர்க் கல்யாணத்தில் இயேசுவே தண்ணீரைத் திராட்சை ரசமாக்கிக் கொடுத்திருக்கும்போது குடிப்பது எப்படிப் பாவமாகும்? காலேஜ் படிக்கும் மகனும் இப்போது கோயிலுக்கு வருவதில்லை, என்ன செய்வது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

கானாவூரை முதலில் ஓரமாக வையுங்கள். பைபிளில் வேறு ஒரு வரி தெரியாத ஆட்கள்கூட அந்தக் கல்யாணத்தை மட்டும் தலைகீழாக ஒப்பிப்பார்கள். அங்கே யாரும் பெண்டாட்டி செயினை அடகு வைத்துக் குடித்ததாக யோவான் எழுதவில்லை. திரும்பத் திரும்ப மன்னிப்பு உண்டா என்றால், உண்டு. எத்தனை தடவை மன்னிப்பது என்று பேதுரு இயேசுவிடம் கேட்டதற்கு ‘எழுபது தடவை ஏழு தடவை’ என்று கிடைத்த பதில் உங்களுக்கும் சேர்த்துத்தான். நன்மை வாங்குவதைப் பற்றி உங்கள் பங்குச் சாமியாரிடம் கேளுங்கள், அது என் வேலை இல்லை.

என்னை உறுத்துவது வேறு வரி. ‘கடவுளே மன்னித்துவிட்டார், இவள் மன்னிக்க மாட்டேன் என்கிறாள்.’ அடேயப்பா! இந்தத் தவக்காலம் முழுக்க நான் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். புதுச்சேரி ரயில்வே ஸ்டேஷன் பக்கம் திரு இருதய பசிலிக்காவில், பாஸ்கா என்கிற ஈஸ்டருக்கு முந்தைய வாரம் பாவசங்கீர்த்தன வரிசை நீளமாக நிற்கும். ஆள் உள்ளே போவார், ஐந்து நிமிஷத்தில் முகம் தெளிந்து வெளியே வருவார். பெஞ்சில் காத்திருக்கிற அவர் மனைவியின் முகத்தில் ஒன்றும் மாறாது. அந்த அம்மாவிடம்தான் யாரும் எதுவும் சொல்லவில்லையே.

என் அப்பாவும் குடிகாரர்தான். நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டில் ராத்திரி எட்டு மணிக்கு ஜெபமாலை. சாராயக்கடையிலிருந்து நேராக வந்தாலும் ஜெபத்தை அவர்தான் நடத்துவார். மாதா பிரார்த்தனையில் இடம் தவறி ‘விடியற்காலத்தின் நட்சத்திரமே’ என்று அதே வரியில் சுற்றிக்கொண்டிருப்பார், நாங்களும் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒவ்வொரு தடவையும் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ சொல்வோம். அம்மா மட்டும் வாயைத் திறக்க மாட்டார். முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருப்பார். ‘ஜெப நேரத்துல முறம் எதுக்குடி’ என்று அப்பா கத்துவார். அந்த அரிசி அண்ணாச்சி கடையில் கடனுக்கு வந்தது என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் இல்லை. கடைசிவரை குடித்தார், கடைசிவரை பாவசங்கீர்த்தனமும் செய்தார், சாகக் கிடக்கிறவருக்குச் சாமியார் எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் வாங்கித்தான் செத்தார். மோட்சத்துக்குப் போயிருப்பார், எனக்குச் சந்தேகமே இல்லை. அண்ணாச்சி நோட்டில் இருந்த பாக்கியை அம்மா கட்டினார்.

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் வேண்டும் என்று ஞானோபதேச வகுப்பில் நீங்களும் ஒப்பித்திருப்பீர்கள்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம் (செய்ததற்கு வருந்துவது), பிரதிக்கினை (இனிச் செய்வதில்லை என்ற உறுதி), குருவிடம் சொல்வது, அபராதம் தீர்ப்பது (குரு சொன்ன பரிகாரத்தைச் செய்வது). நம் ஆண்கள் நாலாவதோடு எழுந்து வந்துவிடுகிறார்கள். மூன்று அருள்நிறைந்த மந்திரம் சொன்னால் ஐந்தாவதும் சரி! பாவமன்னிப்பு பாவத்தைப் போக்கும், ஆனால் பாவம் செய்துவைத்த சேதத்தையெல்லாம் சரிக்கட்டாது, திருடியதைத் திருப்பிக்கொடு என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1459-ஆம் பத்தியில் பச்சையாகவே சொல்கிறது. பைபிளில் வரும் வரிவசூல்காரன் சக்கேயு என்ன செய்தான்? ஏமாற்றி வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் தருகிறேன் என்றான். காணிக்கையைப் பீடத்துக்கு முன்னால் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானமாகு என்றவர் யார்? இயேசுதானே! சகோதரன் என்றால் பெண்டாட்டி சேர்த்தி இல்லையா?

அயர்லாந்தின் டப்ளினில் மாட் டால்பட் என்று ஒரு கூலித்தொழிலாளி இருந்தார். பிறந்தது 1856, இறந்தது 1925. பன்னிரண்டு வயதிலேயே குடிக்கத் தொடங்கியவர். ஒரு சமயம் காசில்லாமல், அவரும் கூட்டாளிகளும் தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்த ஒருவரின் பிடிலையே திருடி விற்றுக் குடித்தார்கள். 1884-ல் குடியை விட்டார். அதோடு நிற்கவில்லை. பழைய கடைகளுக்குப் போய்ப் பாக்கியைக் கட்டினார், பிடில்காரரை ஊரெல்லாம் தேடினார். ஆள் கிடைக்கவே இல்லை, அந்தப் பணத்தை அவருக்காகப் பூசைக்குக் கொடுத்தார். 1975-ல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது, புனிதர் பட்டத்துக்கான படிகளில் அது ஒன்று. அவருக்குப் பிடில்காரர் கிடைக்கவில்லை. உங்கள் ஆள் அடுப்பங்கரையில்தான் இருக்கிறார், தம்பி.

சாமியார் கொடுத்த மன்னிப்பு செல்லாது என்று நான் சொல்லவில்லை. அதைக் கொண்டுபோய் மனைவி முகத்தில் அடிக்காதீர்கள் என்கிறேன். உங்களை மன்னிக்கும் கடமை அவருக்கு உண்டு, அதை அவரும் சாமியாரும் பார்த்துக்கொள்வார்கள். வருஷம் ஒன்று ஆகியும் செயின் கடையில் கிடக்கிறது, வட்டி ஏறுகிறது, நீங்கள் சனிக்கிழமை பாலம் தாண்டுகிறீர்கள். இதில் அவர் ஜெபத்துக்கு வரவில்லை என்று குறை வேறு!

கோபப்படாதீர்கள். பெயரை மறைத்தாவது இவ்வளவையும் எழுதினீர்களே, என் அப்பா அதுகூடச் செய்யவில்லை. புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு ஒருமுறை போய்வாருங்கள். வெகுநாள் குடித்தவர் திடீரென்று தானாக நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்புகூட வரலாம், டாக்டரைப் பார்த்துக்கொண்டு நிறுத்துங்கள். தவக்காலத்துக்கு மட்டும், வேளாங்கண்ணிக்குக் காவி கட்டுகிற நாளுக்கு மட்டும் என்று தவணை முறையில் வேண்டாம்.

மகனைக் கோயிலுக்கு இழுக்காதீர்கள். சம்பளம் வந்த அன்றைக்கு அடகுக்கடைக்கு அவனை வண்டியில் கூட்டிக்கொண்டு போங்கள். முழுசாக மீட்க முடியாவிட்டால் வட்டியையாவது கட்டுங்கள். ரசீதை அவனிடம் கொடுத்தனுப்பித் தப்பிக்கப் பார்க்காமல் நீங்களே மனைவி கையில் கொடுங்கள்.