லினக்ஸில் மைக் தெரியவில்லையா? கேள்வி பதில்

கேள்வி: லினக்ஸ் மின்ட் 22 போட்டிருக்கிறேன் அண்ணா. பாட்டு நன்றாகக் கேட்கிறது. ஆனால் ஒலிப்பதிவு நிரலான ஆடாசிட்டியில் ரெக்கார்டு அழுத்தினால் கோடு நேராகவே போகிறது. அழித்துவிட்டு மறுபடி நிறுவியும் பயனில்லை.

பதில்: ஆடாசிட்டியை விட்டுவிடுங்கள், அது பாவம். லினக்ஸில் ஒலி மூன்று அடுக்காக வருகிறது. அடியில், லினக்ஸின் மையமான கர்னலுக்குள், ஆல்சா. சவுண்டு கார்டோடு நேரடியாகப் பேசுவது அதுதான். அதற்கு மேல், நிரல்களுக்கும் ஆல்சாவுக்கும் நடுவில் ஒலியைக் கடத்தும் சவுண்டு சர்வர். முன்பு பல்ஸ்ஆடியோ இருந்தது. இப்போது பெரும்பாலும் பைப்வயர். 2021-இல் ஃபெடோரா 34 அதற்கு மாறியது, அடுத்த ஆண்டு உபுண்டு 22.10 மாறியது, உங்கள் மின்ட் 22-இலும் அதுதான் ஓடுகிறது. எல்லாவற்றுக்கும் உச்சியில்தான் ஆடாசிட்டி. மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்காமல் குழாயை மாற்றிக்கொண்டே இருந்தால் தண்ணீர் வருமா? கீழேயிருந்து ஆரம்பியுங்கள்.

கட்டளை அடிக்கும் டெர்மினலில், ஆங்கில ஏ எழுத்தையும் ரெக்கார்டு என்ற சொல்லையும் சேர்த்து ஏரெக்கார்டு என்று அடித்து, இடம் விட்டு, ஒரு சிறுகோடும் சின்ன எல் எழுத்தும் போட்டு என்டர் தட்டுங்கள். பதிவு செய்யக்கூடிய கருவிகளின் பட்டியல் வரும். ‘கார்டு 0’ என்பது போல ஒரு வரியாவது இருந்தால், சவுண்டு கார்டின் பதிவுப் பகுதியைக் கர்னல் பார்த்துவிட்டது. சிக்கல் அதற்கு மேலே. பட்டியல் காலி என்றால் செட்டிங்ஸில் எதைத் தட்டியும் ஆகப்போவதில்லை. டிரைவர், ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே ஓடும் மென்பொருள்), வயர் இவற்றில் ஏதோ ஒன்று கோளாறு.

கேள்வி: கார்டு 0 வந்துவிட்டது அண்ணா. அப்புறம்?

பதில்: சரி, பாதி வேலை முடிந்தது. ஆல்சாமிக்சர் என்று அடியுங்கள். திறந்ததும் அது காட்டுவது பெரும்பாலும் பைப்வயரின் ஒற்றைப் பட்டையைத்தான். அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. எஃப்6 அழுத்தி உண்மையான கார்டைத் தேர்ந்தெடுத்து, பிறகு எஃப்4 அழுத்துங்கள். கேப்சர் பட்டையின் கீழே சிவப்பு எழுத்தில் ‘கேப்சர்’ என்று இருக்க வேண்டும். அந்த இடத்தில் வெறும் சிறுகோடுகள் இருந்தால் பதிவு அணைந்து கிடக்கிறது. ஸ்பேஸ் பாரைத் தட்டி, மேல் அம்புக்குறியால் அளவை ஏற்றுங்கள். ‘மைக் பூஸ்ட்’ பட்டையைக் கொஞ்சமாக ஏற்றினால் போதும். முழுக்க ஏற்றினால் குரலைவிட இரைச்சல்தான் அதிகம் கேட்கும்.

அடுத்து பல்ஸ்ஆடியோ வால்யூம் கண்ட்ரோல் என்ற நிரல். பைப்வயர் ஓடும் கணினியிலும் இது வேலை செய்யும், கட்டாயம் நிறுவிக்கொள்ளுங்கள். அதன் கடைசித் தாவலான கான்ஃபிகரேஷனில் உங்கள் கார்டுக்கு ‘அனலாக் ஸ்டீரியோ டூப்ளெக்ஸ்’ தேர்வாகியிருக்க வேண்டும். டூப்ளெக்ஸ் என்றால் கேட்பது, பதிவு இரண்டும். வெறும் ‘அவுட்புட்’ என்று இருந்தால் பாட்டு கேட்கும், மைக் மட்டும் பட்டியலிலிருந்தே காணாமல் போய்விடும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்கு இதன் மேல்தான் சந்தேகம்.

அப்போதும் கோடு நேராகப் போனால், ஆடாசிட்டி பதிவு செய்துகொண்டிருக்கும்போதே அதே வால்யூம் கண்ட்ரோலின் ரெக்கார்டிங் தாவலைப் பாருங்கள். நிரல் ஓடும்போது மட்டும்தான் அதில் வரி தெரியும். அங்கே ‘மானிட்டர்’ என்று தொடங்கும் பெயர் இருந்தால், பதிவாவது உங்கள் குரல் இல்லை. கணினி தானே வாசிக்கும் ஒலி.

கேள்வி: மேசைக் கணினி சார். மொபைலோடு வந்த ஹெட்செட்டை முன்பக்கம் செருகினால் காதில் கேட்கிறது, மைக் எடுக்கவில்லை.

பதில்: ஹெட்செட் பின்னில் எத்தனை கறுப்பு வளையங்கள் என்று எண்ணுங்கள். மூன்று இருந்தால் அது நான்கு தொடர்புள்ள பின். இடது, வலது, எர்த், மைக் எல்லாம் ஒன்றிலேயே அடக்கம். கேபினெட்டில் பச்சை, ரோஸ் என்று தனித்தனி ஜாக்குகள் இருந்தால், பச்சையில் அந்த மைக்கோடு பேச ஆளே இல்லை. ஒரு பின்னை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வயர் வாங்குங்கள். ஒரு ஹெட்போனை இரண்டு பேர் கேட்கப் பிரிக்கும் வயரும் பார்க்க அப்படியே இருக்கும், கடையில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: புது லேப்டாப், டெபியன். ஒலி அமைப்பில் உண்மையான கார்டு இல்லை, ‘டம்மி அவுட்புட்’ என்று மட்டும் காட்டுகிறது. இணையத்தில் பார்த்து, ஒலி டிரைவரின் அமைப்பில் டிமைக் டிடெக்ட் என்பதற்குப் பூஜ்யம் கொடுத்தேன். ஸ்பீக்கர் வந்துவிட்டது, உள்மைக் வரவில்லை.

பதில்: வராது. இன்டெல் சிப் உள்ள பல புது லேப்டாப்களில் உள்மைக் பழைய அனலாக் வழியில் இல்லை; சிப்புக்குள் இருக்கும் ஒலிச் செயலியோடு டிஜிட்டலாக இணைந்திருக்கிறது. அந்தச் செயலிக்கு சவுண்டு ஓப்பன் ஃபர்ம்வேர் வேண்டும். நீங்கள் கொடுத்த பூஜ்யம், அதைத் தவிர்த்துவிட்டுப் பழைய டிரைவரையே பிடித்துக்கொள் என்று கர்னலுக்குச் சொல்கிறது. அதனால் ஸ்பீக்கர் பிழைத்தது, மைக் போனது. இணையத்தில் இந்த வைத்தியத்தை எழுதுகிறவர்கள் பக்கவிளைவைச் சொல்வதில்லை.

அந்த டிமைக் டிடெக்ட் வரியை நீக்கிவிடுங்கள். டெபியன் 12 முதல் மென்பொருள் களஞ்சியத்தில் ‘நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ என்று தனிப் பகுதி வந்திருக்கிறது. அதை இயக்கி, ‘ஃபர்ம்வேர்-சாஃப்-சைன்டு’ என்ற தொகுப்பை நிறுவி ரீஸ்டார்ட் செய்யுங்கள். கர்னல் மிகப் பழையதாக இருந்தால் அதையும் புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: புளூடூத் ஹெட்செட்டில் மைக் தெரிவதில்லை. எப்படியோ தெரிய வைத்தால் பாட்டு தகர டப்பா போல ஒலிக்கிறது.

பதில்: கோளாறு இல்லை, வழக்கமான புளூடூத்தின் குணமே அதுதான். பாட்டுக்கான ஏ2டிபி முறை ஒருவழிப் பாதை, அதில் மைக் கிடையாது. மைக் வேண்டுமென்றால் ஹெட்செட் முறைக்கு மாற வேண்டும். அங்கே ஒலி மோனோ, மாதிரி வேகமும் (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்பது) பெரும்பாலும் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ்தான். பேசுவதற்குப் போதும். பாடிப் பதிவு செய்வதற்கு வயர் மைக்கே வாங்குங்கள்.

கேள்வி: யூஎஸ்பி மைக் சில நேரம் தெரிகிறது, சில நேரம் இல்லை. டிரைவர் எங்கே கிடைக்கும்?

பதில்: பெரும்பாலான யூஎஸ்பி மைக்குகளுக்குத் தனி டிரைவர் தேவையில்லை, கர்னலிலேயே இருக்கிறது. டெர்மினலில் எல்எஸ்யூஎஸ்பி என்று அடித்துப் பாருங்கள். அதிலேயே மைக் இல்லையென்றால் வயரை மாற்றுங்கள்; சார்ஜ் ஏற்ற மட்டும் உதவும் வயர்கள் ஏராளம். ஹப் வழியாகச் செருகியிருந்தால் கணினியிலேயே நேராகச் செருகுங்கள். இன்னொன்று: ஆடாசிட்டியைத் திறந்த பிறகு மைக்கைச் செருகினால் அது கவனிக்காது. ‘ரீஸ்கேன் ஆடியோ டிவைசஸ்’ கொடுக்க வேண்டும்.

கேள்வி: கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் உபுண்டு. ஸ்பீக்கர் உண்டு, மைக் இல்லை.

பதில்: விர்ச்சுவல்பாக்ஸில் அந்த மெஷினின் செட்டிங்ஸில் ஆடியோ பகுதிக்குப் போய் ‘எனேபிள் ஆடியோ இன்புட்’டை டிக் செய்யுங்கள்.

கேள்வி: நிர்வாகி அதிகாரம் தரும் சுடோ கட்டளை போட்டு ஆடாசிட்டியைத் திறந்தால் மைக் வருகிறது. அப்படியே பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். பைப்வயர் உங்கள் பயனர் கணக்கில் ஓடுவது. ரூட்டாக, அதாவது நிர்வாகியாகத் திறந்த நிரல் அதைத் தாண்டி நேராக ஆல்சாவைப் பிடிக்கிறது. அப்படியென்றால் ஆல்சா நலம், சிக்கல் சவுண்டு சர்வரில். பைப்வயர், அதற்குத் துணையாகக் கருவிகளை இணைத்துவிடும் வயர்பிளம்பர் இரண்டையும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையில் ‘யூசர்’ தேர்வோடு, சுடோ இல்லாமல், ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகும் வரவில்லையென்றால் வயர்பிளம்பரின் ஸ்டேட்டஸை எடுத்து அனுப்புங்கள், பார்க்கிறேன்.