பின்னால் மூன்று வண்டி சேர்ந்தால்

கேள்வி: வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்று பெங்களூர் அல்சூரில் இருக்கிறேன். வயது 63. பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, சின்னக் கழிப்பறை எல்லாம் வைத்து கேரவனாக மாற்றியிருக்கிறேன். ஆர்.டி.ஓ. பதிவும் முடிந்துவிட்டது. நானும் மனைவியும் மூன்று பயணம் போய்வந்தோம். கடைசியாக ஊட்டி. கூடலூர் தாண்டி மலை ஏறும்போது ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் வந்தது. நானும்தான் சாலை வரி கட்டுகிறேன், எதற்கு ஒதுங்க வேண்டும் என்று நான் விடவில்லை. நடுவட்டம் பக்கம் அது வளைவில் முந்தி, என் சைடு கண்ணாடியை உடைத்துவிட்டது. இறங்கிச் சண்டை போட்டேன். காரில் நாலு இளைஞர்கள். பின்னால் இருபது வண்டி நின்றுவிட்டது. என் கே.ஏ. நம்பரைப் பார்த்து, "இந்த ஊர்க்காரனுங்களே இப்படித்தான்" என்று தமிழில் திட்டினார்கள். அதற்கு முன் குண்டலுப்பேட்டையில், பாத்திரம் கழுவிய தண்ணீரைத் திறந்துவிட்டேன் என்று ஒரு டீக்கடைக்காரர் சத்தம் போட்டார். இங்கே எதிர் வீட்டுக்காரருக்கும் வண்டி தெருவில் நிற்பது பிடிக்கவில்லை. வண்டி ஓட்டத் தெரியாத என் மனைவி இனிமேல் வரவே மாட்டேன் என்கிறாள். மெதுவாகப் போவது குற்றமா?

பதில்: மெதுவாகப் போவது குற்றமே இல்லை சார். மூன்று டன்னுக்கு மேல் கனக்கிற வண்டியை, அடுப்பும் கட்டிலுமாக, அந்த ஏற்றத்தில் இரண்டாம் கியரில் ஏற்றுகிறவர் வேறு எப்படிப் போவார்? வளைவில் முந்தியது அந்தக் காரின் தப்பு. எதிரே ஒரு பஸ் வந்திருந்தால் கண்ணாடியோடு போயிருக்காது.

ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு சொல்லில் என் கண் நின்றுவிட்டது: "நான் விடவில்லை." மெதுவாகப் போனது வண்டி. விடாமல் போனது நீங்கள். அதைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும்.

என் பெரிய மாமா பெங்களூருக்கும் சேலத்துக்கும் லாரி ஓட்டினவர். சின்ன வயதில் பள்ளி விடுமுறைக்கு அவர் லாரியில்தான் ஊருக்குப் போவேன். இரண்டு சீட்டுக்கும் நடுவே, என்ஜின் சூடு ஏறும் அந்த மூடி மேல் சாக்கை மடித்துப் போட்டு உட்கார வைப்பார். அப்போது அது நாலு வழிச் சாலை இல்லை. ஏற்றத்தில் லாரி முனகிக்கொண்டு போகும்போது மாமாவின் கண் நிமிஷத்துக்கு ஒரு தடவை வலது கண்ணாடிக்குப் போய்வரும். பின்னால் வண்டி சேரச் சேர வாய்க்குள்ளேயே எண்ணுவார். "மூணு சேர்ந்தா கடன் சேர்ந்த மாதிரிடா, அடுத்த அகலமான இடத்துல அடைச்சிரணும்" என்பார். பஸ் நிறுத்தமோ, மூடிக் கிடக்கும் டீக்கடை வாசலோ, மண் பாதை பிரியும் இடமோ, ஏதாவது ஒன்று வரும். இடது இண்டிகேட்டரைப் போட்டு, நன்றாக ஒதுங்கி, கிட்டத்தட்ட நிறுத்தியே விடுவார். மூன்று வண்டியும் போகும். கடைசியாகப் போகிறவர் லேசாக இரண்டு ஹாரன் கொடுப்பார். மாமா பதிலுக்கு ஒன்று கொடுப்பார். மொத்தமும் அரை நிமிஷம்தான்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். மலையில் என்றால் மூன்று வரை கூடக் காத்திருக்க வேண்டாம், ஒரே ஒரு வண்டி இரண்டு வளைவு தாண்டியும் பின்னாலேயே வருகிறது என்றால் இடம் பார்க்க ஆரம்பித்துவிடுங்கள். சைடு கொடுக்கும்போது ஒரு விஷயம் முக்கியம். நம் பக்கத்தில் சிலர் "வா, போ" என்பதற்கு வலது இண்டிகேட்டர் போடுகிறார்கள். வேறு சிலருக்கு அதே வலது இண்டிகேட்டர் "வராதே, எதிரே வண்டி" என்று அர்த்தம். லாரிக்காரர்களுக்கு இடையிலேயே இதில் குழப்பம் உண்டு. அதனால் இடது இண்டிகேட்டர் மட்டும் போடுங்கள், வேகத்தைக் குறையுங்கள், இடது பக்கம் ஒதுங்குங்கள். கை காட்டி யாரையும் அனுப்பாதீர்கள். எதிரே வருவதைப் பார்த்து முந்துவது அவர் பொறுப்பு. உங்கள் கையை நம்பி வந்து அவர் மோதினால் உங்களுக்குத் தூக்கம் போய்விடும். ஓடிக்கொண்டிருக்கும்போது நாலு விளக்கையும் சேர்த்து மினுக்க விடாதீர்கள். நீங்கள் எந்தப் பக்கம் போகப் போகிறீர்கள் என்பதே பின்னால் இருப்பவருக்குத் தெரியாமல் போகும்.

சைடு கொடுப்பதில் உங்களுக்கும் லாபம் இருக்கிறது. பின்னால் ஹாரன் கேட்கக் கேட்க கால் தானாக ஆக்ஸிலரேட்டரை அழுத்தும். இறக்கத்தில் இதுதான் ஆபத்து. எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று மலை டிரைவர்கள் சொல்வது கேரவனுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர் கணவாயில், டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கிய லாரிகள் எத்தனை உயிரை வாங்கியிருக்கின்றன! அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் மாமா பேச்சை நிறுத்திவிடுவார். தண்ணீர்த் தொட்டியையும் கவனியுங்கள். 200 லிட்டர் என்றால் அதுவே 200 கிலோ. ஏறுவதற்கு முன் பாதியாக்கி, மேலே போய் நிரப்பிக்கொள்ளலாம்.

குறுகலான ஏற்றத்தில் எதிரே வண்டி வந்தால், இறங்குகிறவர்தான் நின்று ஏறுகிறவருக்கு வழி விட வேண்டும். 2017-ல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் விதிகளிலும் இது இருக்கிறது. இது உங்களுக்குச் சாதகமான விதிதான். ஆனாலும் எதிரே இருப்பவர் சமவெளியிலேயே ஓட்டிப் பழகி, ஓரமாகவும் போகத் தெரியாமல், ரிவர்ஸும் எடுக்கத் தெரியாமல் முழிக்கிறார் என்றால் விதியைப் பேசிப் பயனில்லை. உங்கள் பின்னால் இடம் இருந்தால் நீங்களே நின்றுவிடுங்கள்.

மைசூர் எக்ஸ்பிரஸ் வேயில் எப்படிப் போகிறீர்கள் என்று எழுதவில்லை. 2023 ஆகஸ்ட் 1 முதல் அங்கே பிரதான சாலையில் பைக், ஆட்டோ, டிராக்டருக்கு அனுமதி இல்லை. அதனால் இடது லேன் பெரும்பாலும் சீராக ஓடும். அதிலேயே 60, 70-ல் போங்கள். நடு லேனில் அந்த வேகத்தில் போனால் இரண்டு பக்கமும் முந்துவார்கள், உங்களுக்கும் எரிச்சல், அவர்களுக்கும் எரிச்சல். ஊரைவிட்டு அதிகாலை நாலரைக்கே கிளம்பிவிடுங்கள். சிட்டி டிராஃபிக்கில் இரண்டு மணி நேரம் நின்று கொதித்த மனசோடு மலை ஏறக் கூடாது.

இனி அந்த கே.ஏ. நம்பர். இது உங்களைக் கண்ணாடியைவிட அதிகமாக உடைத்திருக்கிறது என்று தெரிகிறது. நானும் இந்த ஊர்த் தமிழ்தான், எனக்குப் புரிகிறது. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் இங்கே டி.என். பதிவெண் உள்ள பஸ்களும் லாரிகளும் எரிந்தபோது, எங்கள் உறவுக்காரர் ஒருவர் தன் காருக்கு மேல் தார்ப்பாய் போட்டு நாலு நாள் மூடி வைத்திருந்தார். இங்கே ஒரு பலகைக்குப் பயம், அங்கே இன்னொரு பலகைக்குத் திட்டு. நம் வீடு எது என்று ஒரு கணம் நெஞ்சு கேட்கத்தான் செய்யும். அந்தப் பையன்கள் பார்த்தது இரண்டு எழுத்தை மட்டும்தான். உங்களை அவர்களுக்குத் தெரியாது. நீங்களும் தமிழில் பதில் திட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்த முறை அந்தத் தமிழை வேறு மாதிரி செலவழியுங்கள். எரிச்சலோடு ஜன்னலை இறக்குகிறவரிடம் "தம்பி, போங்கப்பா, நான் ஒதுங்கிக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். கே.ஏ. வண்டிக்குள் இருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

குண்டலுப்பேட்டை விஷயத்தில் நான் டீக்கடைக்காரர் பக்கம். இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். நீங்கள் திறந்துவிட்டுக் கிளம்பிவிட்டீர்கள், அந்தத் தண்ணீரில் மிதக்கும் சோற்றுப் பருக்கைக்கு ஈயும் நாயும் வந்தால் கூட்டுகிறவர் அவர். சோப்புத் தண்ணீர் தார் ரோட்டில் வழிந்தால் வளைவில் பைக் வழுக்கும். கழிவுத் தொட்டியின் குழாயை ஓடும்போதும் நிற்கும்போதும் இறுக்கி மூடி வையுங்கள். பாத்திரத்தை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவினால் தண்ணீர் பாதிகூட ஆகாது. ராத்திரி தங்கும் லாட்ஜிலோ ஹோம்ஸ்டேயிலோ கேட்டு, அவர்கள் காட்டும் சாக்கடையில் விடுங்கள். கழிப்பறைத் தொட்டியை எக்காரணம் கொண்டும் வழியில் கொட்டாதீர்கள். வீட்டுக்கு வந்து யு.ஜி.டி. (பாதாளச் சாக்கடை) இணைப்புள்ள நம் கழிப்பறையிலேயே கொட்டிக் கழுவுவதுதான் சரி. நாற்றத்துக்கு ஊற்றும் மருந்தை அளவோடு ஊற்றுங்கள், கண்டபடி ஊற்றினால் கழிவைச் சுத்தம் செய்யும் நல்ல கிருமிகளையும் அது கொன்றுவிடும். பந்திப்பூர், முதுமலைக் காட்டுக்குள் டீ போட என்று வண்டியை ஓரங்கட்டுகிற வழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். அங்கே வண்டியை நிறுத்தவே கூடாது. இரவு 9 முதல் காலை 6 வரை பந்திப்பூர் பாதையை மூடியும் வைக்கிறார்கள். அது யானைகளின் நேரம்.

எதிர் வீட்டுக்காரர் விஷயம் சின்னது. அல்சூர் கிராஸ் ரோடுகளின் அகலம் எனக்குத் தெரியும், ஒரு ஆம்புலன்ஸ் வந்தால் உங்கள் வண்டியைத் தாண்டிப் போகாது. மாத வாடகைக்கு ஒரு ஷெட்டோ காலி மனையோ தேடிக்கொள்ளுங்கள். அதுவரை உங்கள் வீட்டு வாசலிலேயே நிறுத்தி, போன் நம்பரைக் கண்ணாடியில் ஒட்டி வையுங்கள்.

கடைசியாக உங்கள் மனைவி. நீங்கள் அதை ஒரு வரியில் எழுதி முடித்துவிட்டீர்கள். எனக்கு அந்தக் காட்சி கண்ணிலேயே நிற்கிறது. மலைச் சாலையில், உயரமான முன் சீட்டில் அவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். கீழே நாலு இளைஞர்களுக்கு நடுவே 63 வயதுக் கணவர் விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார். பின்னால் இருபது ஹாரன். உங்களுக்கு அங்கே ஏதாவது ஆகியிருந்தால், வண்டி ஓட்டத் தெரியாத அவர் அந்த மலையில் யாரிடம் போயிருப்பார்? அவர் பயந்தது சாலைக்கு இல்லை சார், நீங்கள் கதவைத் திறந்து இறங்கியதற்கு. நான் சொல்வது சரியா என்று அவரிடமே கேளுங்கள். சரி என்றால், இனிமேல் சண்டைக்கு இறங்க மாட்டேன் என்று அவரிடம் சொல்லுங்கள். வண்டியில் இடித்தால் அவர் இருந்த இடத்திலேயே நம்பரைப் போட்டோ எடுக்கட்டும், யாராவது மிரட்டினால் 112, நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் 1033. இரண்டையும் அவர் போனில் பதிந்து கொடுங்கள்.

அப்புறம், அடுத்த பயணம் ஊட்டி வேண்டாம். ஏலகிரி போங்கள். ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக சுமார் 160 கிலோமீட்டர், 14 கொண்டை ஊசி வளைவுகள்தான். புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் அந்த வளைவுகளுக்கு வைத்திருக்கிறார்கள். பலகையைப் படிக்கும் வேலையை உங்கள் மனைவிக்குக் கொடுங்கள். இடது கண்ணாடியையும் அவரே பார்க்கட்டும். பின்னால் எத்தனை வண்டி என்று அவர் எண்ணிச் சொன்னதும் நீங்கள் ஒதுங்குங்கள். சனி, ஞாயிறு மட்டும் வேண்டாம், அந்த இரண்டு நாளும் பெங்களூரில் பாதி அங்கேதான் இருக்கும்.