கொரோனாவுக்குப் பிறகு அம்மாவுக்கு மறதி: என்ன செய்வது?

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. ஆறு மாதம் முன்பு கொரோனா வந்து, ஆக்ஸிஜன் வைக்கும் அளவுக்குப் போய்விட்டது. சீட்டுக் கணக்கை மனதிலேயே போடுபவர், இப்போது பேச்சின் நடுவே வார்த்தைக்குத் தடுமாறுகிறார். மாத்திரை போட்டதே மறந்துபோகிறது. இது டிமென்ஷியா எனும் மறதி நோயா? ஞாபகசக்தி டானிக் கொடுக்கலாமா?

பதில்: டிமென்ஷியா என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். 'வயசானால் அப்படித்தான்' என்று விட்டுவிடவும் வேண்டாம். குடும்பங்களில் அதிகம் நடப்பது இந்த இரண்டாவதுதான், எனக்கு வருத்தமும் அதில்தான்.

கொரோனாவின் பாதிப்பு மூளை வரை போகக்கூடும். வூஹானில் கொரோனா வந்து மீண்ட, 60 வயது தாண்டிய 1,438 பேரை ஓராண்டு கவனித்த ஆய்வு 2022இல் வெளியானது. நோய் கடுமையாக இருந்தவர்களில் 15 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருந்தது. லேசாக வந்துபோனவர்களில் அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஒப்பிடுவதற்காகச் சேர்த்த, தொற்றே வராதவர்களிலும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆக்ஸிஜன் தேவைப்பட்டதால் உங்கள் அம்மாவைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஆனால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களிலும் பெரும்பாலானோருக்கு டிமென்ஷியா வரவில்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

மருத்துவமனையில் இருந்தபோது இரவில் குழம்பினாரா, ஆள் தெரியாமல் பேசினாரா? அதை டெலிரியம் என்போம். அப்படி இருந்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். டெலிரியம் வந்த முதியவர்களுக்குப் பின்னாளில் நினைவாற்றல் குறையும் வாய்ப்பு கூடுதல்.

அடுத்து, வீட்டில் இருக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். மெடிக்கலில் சொல்லி வாங்கிய சளி மாத்திரையும் அதில் இருக்கட்டும். சளி மாத்திரைகள் பலவற்றில் இருக்கும் குளோர்பெனிரமைன், நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டைலின், தூக்கத்துக்குப் போடும் அல்பிரசோலம், சிறுநீரை அடக்க முடியாதவர்களுக்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின் ஆகிய எல்லாமே முதியவர்களின் மூளையை மந்தமாக்கும். ஆஸ்பத்திரியில் சில நாளுக்கு எழுதித் தந்த தூக்க மாத்திரை மாதக்கணக்கில் தொடர்வது சகஜம். இருந்தாலும் நீங்களாக எதையும் திடீரென்று நிறுத்தாதீர்கள். அல்பிரசோலத்தைச் சட்டென்று விட்டால் வலிப்புகூட வரலாம். டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

ரத்தத்தில் வைட்டமின் பி12, தைராய்டு, சோடியம், ஹீமோகுளோபின், சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருஷமாகப் போடுபவர்களுக்கு பி12 குறையலாம். ரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகளால் சோடியம் இறங்கும். இரண்டுமே மறதியைக் கொண்டுவரும், இரண்டுக்குமே சிகிச்சை உண்டு. சர்க்கரை அதிகம் இறங்கிப்போவதும் மூளைக்குக் கெடுதல். அப்புறம் காது. சரியாகக் கேட்காதது நினைவில் எப்படி நிற்கும்? மனச்சோர்வும் பெரியவர்களிடம் சில சமயம் மறதி வேடத்தில் வரும். அழுவது குறைவு, எதிலும் ஆர்வம் இல்லாமல் போவதே அதிகம்.

நினைவாற்றலை அளக்க மோகா என்ற சோதனை தமிழிலும் இருக்கிறது, மொத்தம் 30 மதிப்பெண். ஒருமுறை எடுத்த மதிப்பெண்ணை வைத்துப் பயப்படாதீர்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்து ஒப்பிடும்போதுதான் போக்கு தெரியும். தொற்றுக்குப் பின் வந்த தடுமாற்றம் மெல்லக் குறையலாம், அல்லது அப்படியே நிற்கலாம். மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போனால் வேறு காரணம் தேட வேண்டும், மூளை ஸ்கேன் தேவைப்படலாம்.

டானிக் வேண்டாம். இந்த மறதியைச் சரிசெய்யும் என்று நிரூபிக்கப்பட்டது ஒன்றுகூட இல்லை. அந்தப் பணத்தில் நல்ல காதுக் கருவிக்கோ பிசியோதெரபிக்கோ வழி பாருங்கள். தினமும் அவரோடு நடங்கள், ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வையுங்கள், சீட்டுக் கணக்கை அவர் கையிலிருந்து பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுத வைத்தால் போதும். மாத்திரைக்கு மட்டும் கிழமை போட்ட டப்பா வாங்கி, நிரப்பும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

தடுப்பூசியையும் டாக்டரிடம் கேளுங்கள். ஃப்ளூ ஊசி ஆண்டுதோறும் போடலாம். அக்கி ஊசியைப் பற்றி 2025இல் பிரிட்டனின் வேல்ஸிலிருந்து வந்த ஆய்வில், போட்டுக்கொண்டவர்களுக்கு ஏழு ஆண்டுகளில் டிமென்ஷியா ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அது பழைய வகை ஊசி. இப்போது இங்கே கிடைப்பது வேறு வகை, விலையும் அதிகம். அக்கி வராமல் தடுக்கவே அது போடத் தகுந்ததுதான்.

ஓரிரு நாளுக்குள் திடீரென்று குழப்பம் கூடினால், பேச்சு குழறினால், ஒரு பக்கம் கை கால் தளர்ந்தால், கீழே விழுந்த சில வாரங்களில் தூக்கக் கலக்கம் வந்தால், சோதனை தேதிக்குக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.